சதாசிவத்தின் காதில் ஒரு விசில்

மலேசியாவில், உலு திராமில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில் பூட்டிய ஒரு கிரில் கதவு உண்டு. கீழ்த்தளத்தில் இருக்கும் முதியவர்கள் அதைப் பார்க்காதது போலவே நடமாடுவார்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்கள்கூட அந்த இடம் வந்ததும் முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மனம் தடுமாறியவர்களை மேலே வைத்திருந்தார்கள். மேலே போய்க் கீழே திரும்பியவர் என்று ஒருவரையும் எனக்கு யாராலும் காட்ட முடியவில்லை.

நான் அங்கே போனது காதுக் கருவிகளுக்காக. ஜோகூர் பாருவில் உள்ள ஒரு தொண்டுக் குழு, இல்லங்களில் இருப்பவர்களில் யாரிடம் கருவி இருக்கிறது, யார் அதைப் போடுகிறார்கள், போடாதவர்கள் ஏன் போடுவதில்லை என்று பதிவு செய்துகொண்டிருந்தது. தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்தது, என் கணவருக்கு செடெனாக் டேட்டா சென்டரில் கிடைத்த வேலை. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. தொண்டு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் கூடாது என்று இன்னொருவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் கேட்டைத் தாண்டும்போது யாராவது பாஸ்போர்ட்டைக் கேட்பார்களோ என்று கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதுவரை யாரும் கேட்டதில்லை.

பதிவு செய்யும் முறை எளிமையானது. சாப்பாட்டு நேரத்தில் பணிப்பெண் ஒவ்வொருவரின் காதையும் பார்ப்பாள். வலது காதில் கருவி இருந்தால் சுவரில் தொங்கும் அட்டையில் சிவப்புப் புள்ளி, இடது காதில் இருந்தால் நீலப் புள்ளி. இல்லையென்றால் வெறும் கட்டம். அட்டையில் பெரும்பாலும் வெறும் கட்டங்கள்தான். ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்பும் நீலமுமாக, விட்டுப்போகாமல் நிரம்பியிருந்தது. அது சதாசிவத்தின் வரிசை.

சதாசிவம் உயரமான மனிதர். உடம்பு வற்றியதில் சட்டை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் செம்பனை எண்ணெய் ஆலையில் சேர்ந்து, பாயிலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நெடுநாளாகிறது. ஒரே மகள் ஷர்மினி பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறாள், சிங்கப்பூரில் வேலை. இல்லத்துக் கூடத்தில் அவர் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார், சுவரோரம், ஒரு உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி. குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல.

பக்கத்துக் கட்டில்காரர் சுப்ஹான் பாய். பெர்மாஸ் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்.

"வாங்கம்மா ஊர்க்காரம்மா! இன்னிக்கும் காதை எண்ண வந்துட்டீங்களா?"

"உங்க மெஷின் எங்க பாய்?"

"டிராயர்ல தூங்குது. சிஸ்டர் ஏசுறது மட்டும் கேக்குற மெஷின் எனக்கு எதுக்கு? நல்ல செய்தி சொல்ற மெஷின் வந்தா சொல்லுங்க, ரெண்டு காதுலயும் மாட்டிக்கிறேன் லா." பிறகு கட்டைவிரலால் சதாசிவத்தைக் காட்டினார். "நம்ம பாயிலர்காரரப் பாருங்க. குளிக்கப் போனாத்தான் கழட்டுவாரு. ஆனா நான் நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு வார்த்தை திரும்பி வராது. என் பொஞ்சாதிகூட இவ்வளவு அமைதியா என் பேச்சக் கேட்டதில்ல."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் மணி அடித்தது. இரும்பைப் பல்லால் கடிப்பது போன்ற சத்தம். நான் எழுந்தே விட்டேன். கூடத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள், பாதிப் பேர் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சதாசிவம் திரும்பவில்லை. ஆனால் சுவரில் இருந்த கையை இன்னும் அழுத்தி வைத்தார். கண் வாசற்பக்கம் போய் அங்கேயே நின்றது.

"ஒண்ணுமில்ல மேடம், உக்காருங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார் இல்லத்தை நடத்தும் சிஸ்டர் வாசுகி. "நெருப்பு மணி. தீயணைக்கிற போம்பாக்காரங்க மாசா மாசம் அடிச்சுப் பாக்கச் சொல்லியிருக்காங்க. நெஜமா தீப்பிடிச்சாத்தானே ஆள் வந்து அணைப்பாங்க, அதுவரைக்கும் மணியாவது அடிக்கணும்ல."

பிறகு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். நல்ல பெண்மணி. சலிப்பு முகத்தில் தெரியும், கையில் தெரியாது.

"உங்க சார்ட்டு எனக்கு ரொம்ப உதவியா இருக்கு மேடம். இந்த சதாசிவம் தாத்தா விஷயத்துல எனக்கு ஒரு டவுட் இருந்துச்சு. வந்த புதுசுல ரெண்டு தடவ கூச்சல் போட்டுக்கிட்டு, சக்கர நாற்காலியில இருந்தவங்கள வாசலுக்குத் தள்ளிட்டு ஓடினாரு. ஒரு பாட்டி விழுந்துட்டாங்க. அப்புறம் அடங்கிட்டாரு. ஆனா என்ன கேட்டாலும் பதில் இல்ல. காது கேக்கலையோன்னு நெனச்சேன். சார்ட்டப் பாத்தா மூணு வேளையும் மெஷின் போட்டிருக்காரு. அப்போ காதுல இல்ல ப்ராப்ளம்." அவர் விரல் நெற்றிப்பொட்டைத் தொட்டது. "அடுத்த வாரம் டாக்டர் வருவாரு. பாத்துட்டு மேல அனுப்பிருவோம்."

"மேலயும் மெஷின் போட்டுக்கலாம்ல?"

"மேல மெஷின் கிடையாது. ஒரு அம்மா பேட்டரிய முழுங்கிட்டாங்க. அதுலேருந்து அந்த ரூல்."

"அப்போ எப்படிப் பேசுவாரு, எப்படிக் கேப்பாரு?"

"மேல கேக்குறதுக்கு என்ன மேடம் இருக்கு?" என்றார் சிஸ்டர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

அந்த வாக்கியம் வீடு வரை என் கூடவே வந்தது. கருவியைக் கழற்றிவிட்டால் சதாசிவம் ஒன்றுக்கும் பதில் சொல்லப் போவதில்லை. பதில் சொல்லாததே அவர் மேலே இருக்க வேண்டியவர் என்பதற்குச் சாட்சியாகிவிடும். அந்தப் படியில் ஏறினால் இறங்க வழியே இல்லை.

அடுத்த முறை போனபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மெஷினப் பாக்கலாமா?" என்று சைகையில் கேட்டதும் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். காதுமடலுக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் அடியில், பேட்டரி வைக்கும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்தால் கருவி அணைந்துவிடும். இரண்டு காதிலும் அது நகக்கண் அளவுக்குத் திறந்திருந்தது. காதுக்குள்ளே கருவி, கருவிக்குள்ளே உயிர் இல்லை.

தவறுதலாகத் திறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். வலது பக்கக் கதவை நகத்தால் அழுத்தி மூடினேன். சில நொடிகளில் கருவி விழித்துக்கொண்டது. என் கை காதருகே இருந்ததால் மெல்லிய ஒரு விசில் எழுந்தது. காதில் தளர்ந்து கிடக்கும் கருவிகள் எல்லாம் எழுப்புகிற சத்தம்தான். தன் ஒலியைத் தானே திரும்பக் கேட்டு ஊளையிடும்.

சதாசிவத்தின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த வயதில் அப்படி ஒரு பிடியை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "வெளிய! வெளிய வா!" என்று கத்திக்கொண்டே என்னை இழுத்தார். கண்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கூடத்தின் மூலையில், அங்கே இல்லாத எதையோ பார்த்தன.

"ம்மா, அதத் தொறந்து விடுங்க! கதவத் தொறந்து விடுங்க!" என்று சுப்ஹான் பாய் கட்டிலிலிருந்து கத்தினார்.

இன்னொரு கையால் அந்தச் சின்னக் கதவைத் திறந்தேன். விசில் நின்றது. சதாசிவம் என் கையை விட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. விழுந்த நாற்காலியை அவரே நிமிர்த்தி வைத்து உட்கார்ந்து, கையைச் சுவரில் பதித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா பாய்?" என்றேன்.

"தொறந்து வெச்சா நல்லா இருக்காரு, அது தெரியும். மத்ததெல்லாம் அவருகிட்டதான் கேக்கணும். ரெண்டு கண்ணுலயும் புரை, ஆளு தெரியும், எழுத்துத் தெரியாது. காதுல வாய வெச்சுக் கத்துங்க, கொஞ்சம் விழும்."

கத்தினேன். நீங்கள் எதைக் கேட்டுப் பயப்படுகிறீர்கள் என்று. கூடமே திரும்பிப் பார்த்தது. அவர், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மில்லுல காதுக்குன்னு ஸ்பாஞ்சு குடுப்பாங்கம்மா, சத்தத்துக்கு அடைச்சுக்க. ஒருத்தனும் போடமாட்டான். பாக்கெட்டுல கெடக்கும். பாதுகாப்பு ஆபிசர் காரு கேட்டுக்குள்ள வந்தா வேலை வாங்குற மண்டோரு வெரலக் காதுல காட்டுவான். ஒடனே எல்லாரும் எடுத்து மாட்டிக்குவோம். அவரு பாத்து எழுதிட்டுப் போவாரு. போனதும் கழட்டிருவோம். அப்படித்தான் நடக்கும்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு ஆபிசர் வந்தாரு. என் ஸ்பாஞ்சு எண்ணெயில விழுந்துருச்சு, நான் மாட்டல. லெட்சுமணன் மாட்டியிருந்தான். என் கூட்டாளி. பழக்குலைய வேக வைக்கிற பெரிய டாங்கிக்குப் பக்கத்துல நிக்கிறோம். அது கதவோரத்துல மெல்லிசா ஒரு விசில். ரப்பர் தேஞ்சு ஸ்டீம் வர்ற சத்தம். அதக் கேட்டா நிக்கக் கூடாது. நான் ஓடினேன். அவனும் பின்னால வர்றான்னு நெனச்சேன்."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. டாங்கிக் கதவு பிய்த்துக்கொண்டதையும் லெட்சுமணன் வந்து சேராததையும் சுற்றிக்கொண்டு போய், வேறு இடத்தில் தொடங்கினார்.

"இந்த விசிலு என் காதுலதான் அடிக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் கிறுக்கன் இல்ல. தெரிஞ்சாலும் காலு கேக்க மாட்டேங்குது. கழட்டி வெச்சா சிஸ்டர் ஏசுது. காதுல வெச்சுக்கிட்டு அந்தச் சின்னக் கதவத் தொறந்து விட்டா யாரும் ஒண்ணும் கேக்கல. அந்தப் பிள்ளை வந்து பாத்துட்டுப் புள்ளி வெச்சுட்டுப் போயிருது. ஆபிசர் மாதிரி." முதல் தடவையாகச் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "நீங்களும் அந்த ஆபிசுதானே?"

"சுவத்துல எதுக்குக் கை வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"காது இல்லேன்னா கை வெச்சுத்தானே பாக்கணும்?" என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல.

சிஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பு இளைத்ததில் காதும் இளைத்துவிட்டது, காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்துவிட்டது, புதிய அச்சு செய்தால் விசில் நின்றுவிடும், மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. சிஸ்டர் கேட்டுக்கொண்டார். ஜோகூர் பாரு கடையிலிருந்து ஆள் வந்து அவர் காதில் களிம்பு விட்டு அளவெடுத்துப் போகவும் அனுமதித்தார். அச்சு வருவதற்குள் டாக்டர் வந்துவிடுவார் என்று நான் சொன்னதும்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"டாக்டர் மாசத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு மேடம். மேல ஒரு கட்டில் இப்பத்தான் காலியாச்சு. கீழ புதுசா வந்து சேர ரெண்டு பேர் காத்துட்டு இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்? டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவரு சொன்னா நான் கேட்டுக்கறேன்."

அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி வந்தாள். அப்பாவுக்குப் பிடித்த ஆப்பம் ஒரு டப்பாவில். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் என்னிடம் பேசினாள். தாழ்த்தத் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அந்த மெஷின நான்தான்கா வாங்கிக் குடுத்தேன். பாப்பா பேசுறது தாத்தாவுக்குக் கேக்கட்டும்னு. போட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் கிச்சன்ல வெளையாடிட்டு இருந்தாங்க. குக்கர் விசில் அடிச்சுச்சு. அவ்வளவுதான். பாப்பாவ ஒத்தக் கையில தூக்கிட்டு நடு ரோட்டுக்கு ஓடிட்டாரு. கார்க்காரன் பிரேக் போட்டான், நல்ல வேளை. ஆனா பாப்பாவுக்குத் தோள் எலும்பு போச்சு." கையால் வாயைத் துடைத்தாள். "எனக்கு அப்பான்னா உசுரு. ஆனா பயமா இருக்குக்கா. அவர் பக்கத்துல உக்காந்தாலே பயமா இருக்கு."

லெட்சுமணனைப் பற்றிச் சொன்னேன். அவள் திகைத்துப்போனாள்.

"அந்தப் பேரே அவர் வாயில வந்ததில்லையே. அம்மாவுக்குத் தெரியுமான்னுகூடத் தெரியல." அப்பா பக்கம் திரும்பினாள். "டாக்டர் கீழ இருக்கலாம்னு சொன்னா கீழ இருக்கட்டும். மேலன்னு சொன்னா கையெழுத்துப் போட்டுருவேன். இத நானா முடிவு பண்ண முடியாதுக்கா. என்னால முடியாது."

ஆக எல்லாம் டாக்டரிடம் வந்து நின்றது. சதாசிவத்திடம் காதில் கத்தி விஷயத்தைச் சொன்னேன். கேள்வி கேட்பார்கள். கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கருவி ஓட வேண்டும். சத்தத்தைக் குறைத்து வைத்தால், யாரும் கிட்டே வராமல் இருந்தால், விசில் அடிக்காது. அடிக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவர் கிரில் கதவைப் பார்த்தார். அந்தக் கதவை அவர் பார்த்து நான் அன்றுதான் கண்டேன்.

"கதவ மூடி விடுங்கம்மா," என்றார், காதைக் காட்டி. "ஒக்காந்து பாக்குறேன்."

டாக்டர் ரூபேந்திரன் இளைஞர். தமிழ் பேசுகிறவர், பெரியவர்களைத் தாத்தா என்று கூப்பிடுகிறவர். சிஸ்டரின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார், இந்தப் பக்கம் சதாசிவம். பின்கதவு திறந்திருந்தது, இரண்டு படி இறங்கினால் புல்தரை. நான் முன்பே டாக்டரிடம் சொல்லியிருந்தேன். கருவி விசிலடிக்கும், கிட்டே போகாதீர்கள், காதருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், ஏன் என்பதையும் சொன்னேன். "ஓகே, ஓகே. இங்கிருந்தே பேசுறேன்," என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியும் போட்டுக்கொண்டார்.

சத்தத்தைக் குறைத்தேன். இரண்டு பேட்டரிக் கதவையும் மூடினேன். கையை எடுத்தேன். விசில் இல்லை. மேலே சுழன்ற மின்விசிறியைக் கேட்டு சதாசிவத்தின் தோள் ஒருமுறை துள்ளியது. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டார்.

"தாத்தா, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது."

சிஸ்டர் வாசுகியின் புருவம் ஏறியது.

"இது எந்த ஊரு?"

"உலு திராம். ஆனா எங்க ஊரு இது இல்ல."

"இது என்ன மாசம்?"

சொன்னார். கிழமையும் சொன்னார். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னதும் நிறுத்தாமல் எண்ணினார். குடை, ரயில், வாழைப்பழம் என்று மூன்று சொல்லைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

"உங்கள இங்க யாரு கொண்டு வந்து விட்டது?"

"என் மக. நல்ல பிள்ளை. பயந்த பிள்ளை."

"பக்கத்துக் கட்டில் யாரு?"

"சுப்ஹான் பாய். வாயி ஓயாது. மெஷின் போட்டாத்தான் தெரியுது, அவரு சொல்றதுல பாதி பொய்யி."

டாக்டர் சிரித்தார். சிஸ்டரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் கைப்பிடியைப் பற்றிய அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கள் வெளுத்திருந்தன. அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும், அவருடைய முழு உடம்பும் வேறு ஒன்றுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தது.

"நான் சொன்ன மூணு வார்த்தை ஞாபகம் இருக்கா தாத்தா?"

"குடை. ரயிலு." கண்ணை மூடித் தேடினார். "வாழைப்பழம். இன்னிக்குக் காலையில குடுத்தாங்க, அழுகினது."

"சபாஷ்!" என்றார் டாக்டர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். முடிந்துவிட்டது. சதாசிவம் கீழேதான் இருக்கப் போகிறார். மூச்சை விட்டேன்.

டாக்டர் எழுந்தார். அன்பான மனிதர், அதுதான் வினையானது. மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, சதாசிவத்தின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, காதருகே வாயைக் கொண்டுபோய், "ரொம்ப நல்லா சொன்னீங்க தாத்தா," என்றார்.

நான் கத்துவதற்குள் விசில் கத்திவிட்டது. மெல்லியது, நீளமானது. சற்றுத் தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

சதாசிவம் ஓடினார். ஆனால் தனியாக ஓடவில்லை. டாக்டரின் இடுப்பைக் கையால் வளைத்து, அவரைத் தரையிலிருந்து தூக்குவது போல இழுத்துக்கொண்டு, பின்கதவு வழியாகப் பாய்ந்தார். இரண்டு படிகளும் அவர்களுக்குத் தெரியவில்லை. இருவரும் புல்லில் விழுந்தார்கள். டாக்டரின் கை அடியில் மடங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சதாசிவம் அவர் மேல் கவிழ்ந்து, தன் முதுகை வீட்டின் பக்கம் காட்டி, இரண்டு கையாலும் அவர் தலையைப் பொத்திக்கொண்டார்.

"அசையாத லெட்சுமணா," என்றார். "அசையாத. வந்துட்டோம்."

அவரைப் பிரித்தெடுக்க இரண்டு பணிப்பெண்கள் தேவைப்பட்டார்கள். விழுந்ததில் ஒரு கருவி புல்லில் தெறித்துக் கிடந்தது. மற்றது காதிலேயே இன்னும் கூவிக்கொண்டிருந்தது. சிஸ்டர்தான் அதைப் பிடுங்கி எடுத்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. மணிக்கட்டைத் துண்டால் கட்டிக்கொண்டு, வலியில் வெளிறிய முகத்தோடு சிஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கேள்விக்கெல்லாம் சரியாத்தான் சொன்னாரு," என்றார் என்னிடம். "நீங்க சொன்னதும் உண்மைதான். ஆனா கடைசியில என்னை யாருன்னு நெனச்சாரு, பாத்தீங்கல்ல? எனக்குக் கை போச்சு, பரவால்ல. நாளைக்கு அந்தக் கூடத்துல ஒரு பாட்டிய இப்படி இழுத்தா?"

புதிய அச்சு வந்தால் விசிலே இருக்காது என்றேன். நூற்றுக்கு நூறு இருக்காதா என்றார். எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஷர்மினி அடுத்த ஞாயிறு வந்து கையெழுத்துப் போட்டாள். ஆப்பம் கொண்டுவரவில்லை. சதாசிவம் அவளோடு மறுப்பு எதுவும் சொல்லாமல் படி ஏறினார் என்று சுப்ஹான் பாய் சொன்னார். ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனாராம்.

"எனக்கு யாரும்மா இனி பதில் சொல்லாம இருப்பா?" என்றார் பாய். அன்று அவர் டிராயரைத் திறந்து தன் கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "மேல ஏதாவது சத்தம் வருதான்னு பாக்குறேன்," என்றார்.

புதிய அச்சுகள் வந்தன. சின்னப் பெட்டியில், பஞ்சுக்குள், ஒன்றில் சிவப்புக் குறி, ஒன்றில் நீலக் குறி. விரலில் வைத்துப் பார்த்தேன், கண்ணாடி போல வழவழப்பு. பெட்டி சிஸ்டரின் மேசை டிராயரில் இருக்கிறது. சுவர் அட்டையில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறு ஒருவர் பெயர் ஒட்டியிருக்கிறது. குழுவினர் கேட்டார்கள், மேல்தளத்தில் எத்தனை பேர் கருவி போடுகிறார்கள் என்று. மேலே கருவியே இல்லை, அதனால் பதிவு செய்ய ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது.

ஒரே ஒரு முறை மேலே போனேன். சிஸ்டர் வாசுகி பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, பின்னால் பூட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். "முடிச்சதும் கிரில்லத் தட்டுங்க மேடம், வந்து தொறக்குறேன்," என்றார். பூட்டு விழுந்ததும் என் கை தானாகக் கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேடியது.

மேலே சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலெல்லாம் கம்பி. நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக. யாரும் பேசவில்லை. கீழ்த்தளத்தில் எப்போதும் ஓடும் தொலைக்காட்சிக்கு எந்த அளவு நான் பழகிப்போயிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

சதாசிவம் கடைசி நாற்காலியில் இருந்தார். காது இரண்டும் வெறுமையாக, முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். மெலிந்திருந்தார். முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்த டாக்டர் தம்பிக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். லெட்சுமணன் என்று சொல்லவில்லை. டாக்டர் தம்பி என்றுதான் சொன்னார். நான் குனிந்து காதில் கத்தினேன், குணமாகிவிட்டது என்று. தலையாட்டினார்.

"கை போனா ஒட்டிக்கும்," என்றார். "விட்டுட்டு வரல, பாத்தீங்கல்ல?"

அப்போது மணி அடித்தது. கீழே சிஸ்டர் மாதச் சோதனை செய்கிறார். அது எனக்குத் தெரியும். இரும்பைப் பல்லால் கடிக்கும் அந்தச் சத்தம் கூரையில் மோதிச் சுவரெல்லாம் இறங்கியது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு தலையும் திரும்பவில்லை. ஒரு மூதாட்டி தன் சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சதாசிவத்துக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் உள்ளங்கை சுவரில் இருந்தது. சுவர் அதிர்வதை உணர்ந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து நின்றார். வரிசையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மாடிப்படியின் மேல் முனைக்குப் போய், கீழே இருக்கும் கிரில் கதவைக் குனிந்து பார்த்தார்.

"சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

நான் கீழே, கிரில்லுக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன்.